ஒற்றை முட்டையும் தரிசு நிலமும்: கானமயிலின் இனப்பெருக்க வாழ்வும் பாதுகாப்பு வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் துணைக்கண்டத்தின் உலர்புல்வெளிகளில் பரவி வாழ்ந்த கானமயில் இன்று மிக அருகிய நிலையிலுள்ள பறவையாகும். 1969-இல் ஏறத்தாழ 1,260 என மதிப்பிடப்பட்ட அதன் எண்ணிக்கை 2018 அளவில் 150-ஆகச் சுருங்கியது. இவ்வீழ்ச்சிக்கு வேட்டையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயின் 1972-இல் வேட்டை சட்டப்படி முற்றாகத் தடைசெய்யப்பட்ட பின்னரும் வீழ்ச்சி நிற்கவில்லை. இம்முரணை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் இனப்பெருக்கப் பருவத்தில் பெரும்பாலும் ஒரே முட்டையைத் திறந்த தரையில் இடும் பறவையின் வாழ்வியல் தேவைக்கும், புல்வெளியைத் 'தரிசு' என வகைப்படுத்திய நில ஆட்சிமுறைக்கும் இடையிலான பொருந்தாமையே அவ்வீழ்ச்சியின் அடிப்படை என்பதை வரலாற்று நோக்கில் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கானமயில், உலர்புல்வெளி, இனப்பெருக்கம், தரிசு நிலம், சரணாலயம், காப்பிட இனப்பெருக்கம்

முன்னுரை

ஓர் உயிரினத்தின் வரலாற்றை எழுதும்போது அதன் எண்ணிக்கை குறைந்த கதையை மட்டும் சொல்லி அமைவது வழக்கம். எண்ணிக்கை ஏன் மீளவில்லை என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வேட்டையால் அருகிய உயிரினங்கள் சில, வேட்டை நின்றபின் பெருகியுள்ளன. கானமயிலோடு அதே நிலத்தைப் பகிர்ந்துகொண்ட வெளிமான் இதற்குச் சான்றாகும். காவல் கிடைத்த இடங்களில் அது விரைந்து பெருகியது. கானமயில் பெருகவில்லை. ஒரே சட்டம், ஒரே சரணாலயம், ஒரே காவல் அமைந்திருந்தும் இரண்டு உயிரினங்களின் விளைவு வேறுபட்டது ஏன்?

இவ்வினாவிற்கு விடை காண, அப்பறவையின் இனப்பெருக்க முறையையும் அது முட்டையிடும் நிலத்தின் வரலாற்றையும் ஒருங்கே நோக்க வேண்டும். இயற்கையியலாளர் முன்னதையும், நில வரலாற்றாய்வாளர் பின்னதையும் தனித்தனியே ஆராய்ந்துள்ளனர். இக்கட்டுரை இரண்டையும் இணைத்துக் காண்கிறது.

பெயரும் நிலமும்

அறிவியல் வகைப்பாட்டில் இப்பறவை 'ஆர்டியோட்டிஸ் நைக்ரிசெப்ஸ்' எனப்படுகிறது. வைகர்ஸ் என்பார் 1831-இல் இதனை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தார். 'நைக்ரிசெப்ஸ்' என்னும் இலத்தீன் சொல் கருந்தலையை உடையது எனப் பொருள்படும். இராஜஸ்தானில் இது 'கோடாவண்' என்றும், மராத்தியில் 'மாள்டோக்' என்றும், தெலுங்கில் 'பட்டமேக' என்றும் வழங்குகிறது. தமிழில் வழங்கும் பெயர் கானமயில்.

இத்தமிழ்ப் பெயர் எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. ஔவையார் இயற்றியதாக வழங்கும் மூதுரையில் 'கான மயில்' என்னும் தொடர் இடம்பெறுகிறது. உரை மரபு அதனைக் காட்டில் வாழும் மயிலாகவே கொண்டுள்ளது. எனவே, இத்தொடரை மட்டும் கொண்டு இப்பறவையின் தமிழக வரலாற்றை வரைவது முறையன்று. பறவையியலார் வகுத்த பழைய பரவல் எல்லையில் தமிழ்நாடும் இடம்பெற்றிருந்தது என்பதும், இன்று இங்கு அப்பறவை இல்லை என்பதுமே உறுதியாகக் கூறத்தக்கவை.

பெயரிலுள்ள 'கானம்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. கானம் என்றதும் இக்கால வாசகர் அடர்ந்த மரக்காட்டையே நினைக்கின்றனர். ஆனால் இப்பறவை அடர்காட்டில் வாழ்வதில்லை. குட்டையான புல், சிதறிய முட்புதர், இடையிடையே மானாவாரிப் புஞ்சை, தொலைவுவரை தடையின்றித் தெரியும் வெளி ஆகியவையே இதன் வாழிடம். பழந்தமிழ் இலக்கியம் இவ்வகை நிலத்தைப் புறவு, புன்புலம் முதலிய சொற்களால் வேறுபடுத்தி அறிந்திருந்தது. பிற்கால வருவாய்த்துறை வழக்கில் 'தரிசு' என்னும் ஒரு சொல் அந்நிலங்கள் பலவற்றின்மேலும் போர்த்தப்பட்டது. அதன் விளைவு பின்னர் விளக்கப்படும்.

பஞ்சாப் தொடங்கிக் குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு வரை ஒருகாலத்தில் இதன் பரவல் அமைந்திருந்தது. இப்போது இராஜஸ்தானின் தார்ப் பாலைநிலத்திலேயே பெரும்பாலான பறவைகள் எஞ்சியுள்ளன. குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் தக்காணத்தின் சில இடங்களிலும் மிகச் சிலவே உள்ளன.

உடலமைப்பும் உணவும்

பறக்கும் ஆற்றலுள்ள பறவைகளுள் எடை மிகுந்தவற்றில் கானமயிலும் ஒன்று. ஆண் பறவை ஏறத்தாழ ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் 8 முதல் 14 கிலோகிராம் வரை எடையும் கொண்டது. பெண் பறவை உருவில் சிறியது. அதன் எடை பெரும்பாலும் ஆணின் எடையில் பாதியளவே. வெண்ணிறக் கழுத்து, கருநிற உச்சந்தலை, பழுப்பு முதுகு ஆகியன இதன் அடையாளங்கள். ஆணின் மார்பில் கருநிறப் பட்டை தெளிவாகத் தெரியும்.

வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், பாம்பு, எலி ஆகியவற்றையும், இலந்தைப் பழம், நிலக்கடலை, தானியம், பயறு ஆகியவற்றையும் இது உண்கிறது. மழைக்குப்பின் வெட்டுக்கிளி பெருகும்போது பூச்சியையும், கோடையில் காய்கனிகளையும் நாடுகிறது. புல்வெளியும் மானாவாரி வயலும் கலந்த நிலமே இவ்வுணவு முறைக்கு ஏற்றது என்பது இதனால் புலப்படும். மனிதர் காலடி படாத காட்டைவிட, ஆடுமாடு அளவோடு மேயும் வெளியும் கம்பு, சோளம் விளையும் புஞ்சையும் இப்பறவைக்கு உகந்தவையாக இருந்தன. அதாவது, உழவரும் மேய்ப்பரும் வாழ்ந்த நிலத்திலேயே கானமயிலும் வாழ்ந்தது.

இனப்பெருக்க முறை

இனப்பெருக்கம் பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் நிகழ்கிறது. மழைப்பொழிவுக்கேற்ப இது இடத்திற்கு இடம் வேறுபடும். பருவம் தொடங்கியதும் ஆண் பறவை சற்றே மேடான திறந்த வெளியைத் தன் ஆடுகளமாகத் தேர்ந்துகொள்கிறது. அங்கு நின்று கழுத்தின் முன்புறமுள்ள தொங்குபையைக் காற்றால் நிரப்புகிறது. வெண்ணிறமான அப்பை முழங்கால்களுக்கும் கீழே தொங்குமளவு பெருக்கிறது. வாலை முதுகின்மேல் மடித்து, இறகுகளை விரித்து, ஆழ்ந்த முழக்கம் போன்ற ஒலியை எழுப்புகிறது. அவ்வொலி அரைக் கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும்.

ஆடுகளத்தின் இயல்பு வரலாற்று நோக்கில் முதன்மையானது. ஆண் பறவையின் தோற்றம் தொலைவிலிருந்து பெண் பறவைக்குத் தெரிந்தாக வேண்டும். பார்வையை மறைக்கும் எதுவும் இவ்வழைப்பைப் பயனற்றதாக்கும். ஓர் ஆண் பல பெண் பறவைகளோடு இணையும். இணைசேர்ந்தபின் முட்டையைக் காப்பதிலோ குஞ்சை வளர்ப்பதிலோ அதற்குப் பங்கில்லை.

பெண் பறவை கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு பள்ளம் பறித்தோ, இயல்பாக அமைந்த குழிவிலோ முட்டையிடுகிறது. பெரும்பாலும் ஒரு முட்டையே இடப்படும். இரண்டு இடுவது அரிது. அடைகாப்புக் காலம் ஏறத்தாழ 27 நாட்கள். அக்காலம் முழுவதும் வெயிலிலிருந்தும் பகையிலிருந்தும் முட்டையைக் காப்பது தாயின் பொறுப்பே. நரி, நாய், உடும்பு, காகம் ஆகியன முட்டைக்குப் பகை. ஆபத்து நெருங்கும்போது தாய்ப்பறவை கால்களைத் தொங்கவிட்டுத் தாழப் பறந்து பகையின் கவனத்தைத் திருப்புவதுண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு விரைவில் நடக்கத் தொடங்கினாலும், அடுத்த இனப்பெருக்கப் பருவம் வரை தாயுடனேயே இருக்கும். பெண் பறவை இனப்பெருக்க முதிர்ச்சி அடைய மூன்று நான்கு ஆண்டுகளும், ஆணுக்கு அதனினும் சற்றுக் கூடுதலான காலமும் தேவை.

இத்தகவல்களைத் தொகுத்து நோக்கினால் இவ்வினத்தின் உயிர்நிலை எதனைச் சார்ந்தது என்பது விளங்கும். முட்டைகளின் பெருக்கத்தால் இழப்பை ஈடுசெய்யும் இனம் இதுவன்று. முதிர்ந்த பறவைகள் நெடுங்காலம் வாழ்ந்து, பல பருவங்களில் ஒவ்வொரு முட்டையாக இட்டு, அவற்றுள் சில பிழைத்தாலே எண்ணிக்கை நிலைபெறும். ஒரு முதிர்ந்த பெண் பறவை இறந்தால், அது வருங்காலத்தில் இடவிருந்த முட்டைகள் யாவும் அதனுடன் இழக்கப்படுகின்றன.

வேட்டைக் காலம்

கானமயில் நெடுங்காலமாக உணவுக்காக வேட்டையாடப்பட்டது. முகலாயப் பேரரசர் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் 'கர்ச்சால்' என்னும் பெயரால் ஒரு பறவையைச் சுட்டி, அதன் உடலின் எல்லாப் பகுதி இறைச்சியும் சுவையானது எனப் புகழ்கிறார். அப்பறவை கானமயிலே என ஆய்வாளர் கொள்வர்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வேட்டையின் அளவு மாறியது. ராபர்ட் மேன்ஸ்ஃபீல்ட் என்பவர் 1809-க்கும் 1829-க்கும் இடையில் அகமத்நகர்ப் பகுதியில் 961 கானமயில்களைச் சுட்டார் என்னும் பதிவு பறவையியல் எழுத்துகளில் எடுத்தாளப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 48 பறவைகள் என்பது இதன் பொருள். இன்று நாடு முழுவதும் எஞ்சியுள்ள காட்டுப் பறவைகளைவிடப் பன்மடங்கு, ஒரு வேட்டைக்காரரின் கணக்கில் அடங்குகிறது. அக்காலத்தில் தக்காணப் புல்வெளி எத்துணைப் பறவைகளைத் தாங்கியிருந்தது என்பதையும் இப்பதிவே மறைமுகமாக உணர்த்துகிறது.

அக்கால நூல்களின் வகைப்பாடும் நோக்கத்தக்கது. ஆலன் ஹியூமும் மார்ஷலும் 1879-க்கும் 1881-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல், இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் 'வேட்டைப் பறவைகள்' பற்றியது. கானமயில் அதில் இடம்பெற்றது. இப்பறவையின் வாழ்வியல் குறித்த தொடக்ககால அறிவின் பெரும்பகுதி வேட்டையாடியவர்களாலேயே திரட்டப்பட்டது என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜீப் வண்டி பரவலானபின் வேட்டை மேலும் எளிதாயிற்று. மாட்டுவண்டியில் மறைந்து அணுகிய நிலை மாறி, வெளியெங்கும் துரத்திச் சுடும் நிலை வந்தது.

சட்டமும் சரணாலயமும்

இந்தியாவின் தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியின்போது பறவையியலாளர் சாலிம் அலி கானமயிலைப் பரிந்துரைத்தார். 1963-இல் மயில் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாவ்நகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் தர்மகுமார்சிங்ஜி 1969-இல் கானமயில்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,260 என மதிப்பிட்டார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையை முதல் அட்டவணையில் சேர்த்தது.

1970-களின் இறுதியில் அரபு நாட்டிலிருந்து பருந்து வேட்டைக் குழுவினர் ஜெய்சல்மேர்ப் பகுதிக்கு வந்தபோது இராஜஸ்தானில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இவ்வெதிர்ப்பு கானமயிலைப் பொதுமக்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. 1980-இல் ஜெய்ப்பூரில் இவ்வகைப் பறவைகள் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. அதே ஆண்டில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைநிலத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1981 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், அசத் ரஹ்மானி தலைமையில் இப்பறவை குறித்த நெடிய கள ஆய்வை மேற்கொண்டது. கானமயில் இராஜஸ்தானின் மாநிலப் பறவையாகவும் ஆயிற்று.

இக்காலத்தில் உருவான சரணாலயங்களுள் மூன்றின் வரலாறு இங்கு ஒப்பிடத்தக்கது.

முதலாவது, மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்திலுள்ள கரேரா. 1981-இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 202 சதுர கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி உழவர்களின் பட்டா நிலம். சரணாலய அறிவிப்பால் நிலத்தை விற்பதற்குத் தடை ஏற்பட்டது. காவல் காரணமாக வெளிமான்கள் பெருகிப் பயிரை மேய்ந்தன. பறவையின் பெயரால் வந்த தடையும் மானால் வந்த இழப்பும் ஒன்றுசேர, அதுவரை கானமயிலுக்கு இடையூறு செய்யாதிருந்த மக்களிடையே கசப்பு வளர்ந்தது. 1990-களில் அங்கு கானமயில் மறைந்தது. பறவை இல்லாத சரணாலயமாகப் பல்லாண்டு நீடித்த கரேரா, அண்மையில் சரணாலயப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

இரண்டாவது, மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், அகமத்நகர் மாவட்டங்களில் 1979-இல் அமைந்த கானமயில் சரணாலயம். நானஜ் புல்வெளி இதன் மையம். 8,496 சதுர கிலோமீட்டர் என அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் ஊர்களும் நகர்களும் சாலைகளும் அடங்கின. இத்துணைப் பெரிய பரப்பில் சரணாலய விதிகளைச் செயற்படுத்துவது இயலாததாயிற்று. 2012-இல் இதன் பரப்பு 1,222 சதுர கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

மூன்றாவது, ஆந்திரத்தின் பழைய கர்நூல் மாவட்டத்து ரோலபாடு. இது ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறு சரணாலயம். வேலிக்குள் புல் செழித்தது, வெளிமான் பெருகியது. ஆயின் வேலிக்கு வெளியே பாசனம் பரவி, மானாவாரிப் பயிர்முறை மாறியது. வேலிக்குள்ளும் வெளியிலும் மாறிமாறி இரைதேடிய கானமயிலுக்கு நிலத்தின் ஒரு பாதியே எஞ்சியது.

கரேராவில் நிலம் பிறருடையது. நானஜில் எல்லை அளவுக்கு மீறியது. ரோலபாடில் எல்லை போதாதது. மூன்று தோல்விகளின் வடிவம் வேறாயினும் அடிப்படை ஒன்றே. மரக்காட்டையும் அதன் விலங்கையும் மனத்திற்கொண்டு உருவான சரணாலயம் என்னும் அமைப்பு, எல்லை வகுத்து மனிதரை விலக்குவதைக் காவலாகக் கருதியது. கானமயிலோ பருவத்திற்கேற்ப இடம்பெயர்வது. உழவரின் புஞ்சையில் மேய்வது. யாருக்கும் உரியதல்லாத மேய்ச்சல் வெளியில் முட்டையிடுவது. எல்லைக்குள் பல்கிப் பெருகக்கூடிய வெளிமானுக்கு அவ்வமைப்பு பயன்பட்டது. முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு இது விடையின் ஒரு பகுதியாகும்.

தரிசு என்னும் வகைப்பாடு

விடையின் மறுபகுதி நில வகைப்பாட்டில் உள்ளது. ஆங்கிலேய வருவாய் ஆட்சி, வரி தரும் நிலத்தையும் தராத நிலத்தையும் பிரித்தது. உழப்படாத வெளி, வரி தராத காரணத்தால் பயனற்றதாகக் கருதப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் இப்பார்வை மாறவில்லை. 1985-இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. நடுவண் அரசு வெளியிட்டுவரும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் பாலைமணலும் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன.

ஒரு நிலத்தைத் தரிசு என அழைத்தவுடன் அதனைத் 'திருத்த' வேண்டும் என்னும் கடமை பிறக்கிறது. திருத்தம் பல வடிவங்களில் வந்தது. கர்நாடகத்தின் ராணிபென்னூர்ப் பகுதியில் யூகலிப்டஸ் மரங்கள் நடப்பட்டன. கச்சின் புல்வெளிகளில் சீமைக்கருவேலம் பரவியது. தார்ப் பகுதியில் இந்திரா காந்திக் கால்வாய் நீரைக் கொணர்ந்தது. நீர் சென்ற இடங்களில் சேவண் புல் வளர்ந்த வெளிகள் பாசன வயல்களாயின. இவை ஒவ்வொன்றும் மக்கள் நலன் கருதிய பணிகளே. மரம் நடுவது இயற்கைக்குச் செய்யும் நன்மை என்றே கருதப்பட்டது. ஆயினும் ஆண் பறவையின் ஆடுகளத்தை மரம் மறைத்தது. தாய்ப்பறவை முட்டையிடும் தரையை ஏர் உழுதது. புதரில் பகை ஒளிந்தது.

தார்ப் பகுதியின் மரபார்ந்த நில வழக்கு இதற்கு மாறானது. அங்கு 'ஓரண்' எனப்படும் கோயில்சார் பொதுநிலங்கள் தலைமுறைதோறும் காக்கப்பட்டுவந்துள்ளன. தெய்வத்தின் பெயரால் அங்கு மரம் வெட்டுதலும் உழுதலும் விலக்கப்பட்டன, மேய்ச்சலுக்கு இடமளிக்கப்பட்டது. வருவாய்ப் பதிவேட்டில் இந்நிலங்கள் பல தரிசாகவே பதிவாயின. பதிவேட்டின் சொல் வழக்காற்றின் சொல்லை வென்றபோது, அந்நிலங்களைப் பிற பயன்பாட்டிற்கு ஒதுக்குவது எளிதாயிற்று.

இதற்கு விலக்காக அமைந்த இடம் ஒன்று உண்டு. பொக்ரான் படைப்பயிற்சிக் களம் கானமயில் எஞ்சியுள்ள முதன்மையான இடங்களுள் ஒன்று. பறவைக்காக ஒதுக்கப்படாத அந்நிலம், உழவும் கட்டுமானமும் நுழையாமையால் வெளியாகவே நிலைத்தது. குண்டுகள் வெடிக்கும் நிலத்தில் முட்டைகள் பொரிந்தன என்னும் உண்மை, எவ்வகை இடையூற்றை இப்பறவை தாங்கும், எதனைத் தாங்காது என்பதைக் காட்டுகிறது.

மின்கம்பியும் நீதிமன்றமும்

தார், கச்சு ஆகிய பகுதிகளில் வெயிலும் காற்றும் மிகுதி, நிலம் 'தரிசு'. எனவே, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் காற்றாலைகளும் சூரிய மின்பண்ணைகளும் அங்கு பெருகின. அவற்றிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உயரழுத்தக் கம்பிகள் கானமயிலின் பறப்புப் பாதையில் குறுக்கிட்டன.

இப்பறவை கம்பியில் மோதுவது கவனக்குறைவால் அன்று. அது கண்ணின் அமைப்பால் நிகழ்வது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கோரிப் பறவை உள்ளிட்டவற்றின் பார்வைப் புலத்தை மார்ட்டின், ஷா ஆகியோர் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். பறக்கும்போது தலையைச் சற்றுத் தாழ்த்தித் தரையை நோக்கினால், பறக்கும் திசையே இப்பறவைகளுக்குத் தெரியாமற் போகிறது என்பது அவ்வாய்வின் முடிவு. தரையில் இரையையும் துணையையும் தேடும் பறவைக்கு, வானில் தடை இல்லாதிருந்த நெடுங்காலத்தில் இது குறையாக இருக்கவில்லை. மேலும், எடை மிகுந்த உடலால் கடைசி நொடியில் திசைமாற்ற இயலாது. தார்ப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கானமயில்கள் மின்கம்பியால் இறக்கக்கூடும் என இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டது. 150 பறவைகளே எஞ்சிய இனத்தில், ஒற்றை முட்டையால் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது.

2019-இல் எம்.கே. ரஞ்சித்சிங் முதலானோர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2021 ஏப்ரல் 19 அன்று, கானமயில் வாழும் பகுதிகளிலும் வாழக்கூடிய பகுதிகளிலும் கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் பதிக்குமாறும், பிற இடங்களில் பறவைகளை எச்சரிக்கும் கருவிகளைப் பொருத்துமாறும் நீதிமன்றம் ஆணையிட்டது. இதற்குட்பட்ட பரப்பு ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர். தொழில்நுட்ப இயலாமையையும் கரிம உமிழ்வைக் குறைக்கும் நாட்டின் கடப்பாட்டையும் நடுவண் அரசு எடுத்துரைத்தது. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் தன் முந்தைய ஆணையைத் திருத்தி, எங்கு எதனைச் செய்வது என ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகளில் அடங்கும் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது.

இவ்வழக்கை வளர்ச்சிக்கும் பறவைக்கும் இடையிலான போட்டியாகக் காண்பது முழுமையாகாது. புவி வெப்பத்தைக் குறைப்பதும் உயிரினத்தைக் காப்பதும் இரண்டுமே சூழல் நலன்கள். இவை மோதிக்கொண்ட இடம் எது என்பதே வினா. மின்பண்ணைகள் தேடிச் சென்றது 'வெற்று' நிலத்தை. தரிசு என்னும் வகைப்பாடு அவ்வெறுமையைப் பதிவேட்டில் முன்னரே படைத்துவைத்திருந்தது.

காப்பிட இனப்பெருக்கம்

2011-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கானமயிலை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியது. காட்டுநிலையில் மட்டும் இவ்வினத்தைக் காப்பது ஐயத்திற்குரியதானபோது, முட்டையை நிலத்திலிருந்து எடுத்து மனிதக் காவலில் பொரிக்கச் செய்யும் முடிவு எட்டப்பட்டது. நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், இராஜஸ்தான் வனத்துறை, இந்திய வனவுயிர் நிறுவனம் ஆகியன இணைந்து இத்திட்டத்தை மேற்கொண்டன. ஹௌபாரா பறவையைக் காப்பிடத்தில் பெருக்கிய பட்டறிவு கொண்ட அபுதாபி அமைப்பின் உதவியும் பெறப்பட்டது. பருந்து வேட்டைக்கு இரையான ஹௌபாராவைக் காக்க வேட்டை மரபுடைய நாடுகளில் வளர்ந்த தொழில்நுட்பம், அம்மரபை எதிர்த்து எழுச்சி நடந்த ஜெய்சல்மேருக்கு நாற்பதாண்டுகளுக்குப்பின் துணையாக வந்தது.

2019-இல் காட்டிலிருந்து சேகரித்த முட்டைகள் அடைகாப்புக் கருவியில் வைக்கப்பட்டு, ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சம் என்னுமிடத்தில் குஞ்சுகள் பொரிந்தன. முதல் முட்டையை இழந்த தாய் மறுமுறை முட்டையிடக்கூடும் என்பதால், பருவத் தொடக்கத்தில் முட்டை எடுப்பது காட்டு இனத்தை ஓரளவே பாதிக்கும் எனக் கருதப்பட்டது. பின்னர் ராம்தேவ்ராவில் இரண்டாவது மையம் இயங்கத் தொடங்கியது. 2023-இல் காப்பிடத்தில் வளர்ந்த பறவைகள் இணைசேர்ந்து குஞ்சு பிறந்தது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல்வழி முதல் குஞ்சு பொரிந்தது. 2025-இல் காப்பிடப் பறவைகளின் எண்ணிக்கை 60-ஐக் கடந்தது. மெதுவாகப் பெருகும் இனம் என்பதை நோக்கின் இது பெரும் அறிவியல் வெற்றியாகும்.

கச்சின் நிலை இவ்வெற்றியின் தேவையை உணர்த்துகிறது. அண்மை ஆண்டுகளில் அங்கு எஞ்சியவை சில பெண் பறவைகளே. பருவந்தோறும் அவை இட்ட முட்டைகள் கருவுறாதவையாயின. நிலமும் தாயும் இருந்தும் மரபுத் தொடர்ச்சி அறுந்த நிலை அது.

எனினும் காப்பிட இனப்பெருக்கத்திற்கு எல்லை உண்டு. மனிதர் கையில் இரையுண்டு வளர்ந்த பறவை மனிதரையே தன் இனமாகக் கருதக்கூடும். எது பகை, எது புகலிடம், மழைக்குப்பின் எங்கு செல்வது என்பவற்றை ஓராண்டுக் காலம் தாயுடன் திரிந்தே குஞ்சு கற்கிறது. அக்கல்வியை அடைகாப்புக் கருவி தராது. எனவே, இப்பறவைகளின் வழித்தோன்றல்களைக் காட்டில் விடுவதற்கேற்ற பயிற்சி இத்திட்டத்தின் அடுத்த கட்டமாகிறது. அதனினும் முன்னர் எழும் வினா, அவற்றை எந்த நிலத்தில் விடுவது என்பதாகும்.

முடிவுரை

கானமயிலின் வீழ்ச்சி இரு கட்டங்களாக நிகழ்ந்துள்ளது. முதற்கட்டத்தில் வேட்டை அதன் எண்ணிக்கையைக் குறைத்தது. இரண்டாம் கட்டத்தில், வேட்டை ஓய்ந்தபின், எண்ணிக்கை மீள்வதற்குரிய நிலம் இல்லாமற் போயிற்று. 1,260 என்னும் எண் 150 ஆனது பெரிதும் இவ்விரண்டாம் கட்டத்தில்தான். இக்கட்டத்தில் பறவைக்குச் சட்டக் காவல் இருந்தது. நிலத்திற்கு அது பெரும்பாலும் இல்லை.

வெளிமான் பெருகிக் கானமயில் அருகியமைக்கான விடையும் இதில் அடங்கியுள்ளது. எல்லை வகுத்த காவல் விரைந்து பெருகும் உயிருக்குப் போதும். ஒரு பருவத்திற்கு ஒரு முட்டையிட்டு, பரந்த வெளியில் இடம்பெயர்ந்து, உழவரும் மேய்ப்பரும் புழங்கும் நிலத்தைச் சார்ந்த உயிருக்கு அது போதாது. அந்நிலத்து மக்களைப் பகைவராக்கிய கரேராவின் பட்டறிவு, மக்களின் ஒப்புதலின்றி இப்பறவைக்கு எதிர்காலம் இல்லை என்பதைத் தெளிவாக்குகிறது. ஓரண் போன்ற பொதுநில வழக்குகளுக்குச் சட்ட ஏற்பு அளிப்பதும், புல்வெளியைத் தரிசுப் பட்டியலிலிருந்து விடுவித்துத் தனி நில வகையாக ஏற்பதும் இவ்வரலாறு சுட்டும் வழிகளாகும்.

காப்பிட மையங்களில் வளரும் பறவைகள் கால அவகாசத்தைத் தந்துள்ளன. அவற்றின் வழித்தோன்றல் ஒன்று என்றேனும் திறந்த தரையில் ஒரு முட்டையிடும்போது, அத்தரை 27 நாட்கள் உழப்படாமலும் வேலியிடப்படாமலும் இருந்தாக வேண்டும். அதற்குரிய முடிவு நிலப் பதிவேடுகளில் எடுக்கப்பட வேண்டியதாகும்.